பூனைக்கு எண்ணெய் தேய்த்த உன் அத்தை

சிங்கப்பூர்
20-2-1962

அன்பு மகள் லீலாவுக்குச் சித்தப்பா துரைசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முருகன் தயவில் நானும் சித்தி கண்மணியும் நாயும் பூனையும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி இருமல் அண்டாமல் நர்ஸ் படிப்பைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நல்லபடியாக இருக்கிறோம் என்று எழுதினேனே தவிர என் வயிறு எரிகிறது. ஏனம்மா, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிராங்கூன் ரோடு முழுக்கச் சுற்றி வளர்த்தவன் நான், உன் பூனை ஜவ்வரிசியை என் கையில் ஒப்படைத்துவிட்டுத்தானே கப்பல் ஏறினாய், அதை என் நாய் கடித்துக் குதறுகிறது என்று அத்தை பூவம்மா எழுதினால் சித்தப்பா இது நிஜமா என்று எனக்கு ஒரு வரி போட்டுக் கேட்கக்கூடாதா. நேராக அவளுக்கே பதில் எழுதி, பூனையை உங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை என்று உத்தரவு போட்டுவிட்டாய். அவள் அந்தக் கடிதாசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போலீஸ் வாரண்டு மாதிரி என் மூக்குக்கு முன்னால் ஆட்டுகிறாள். கூடப்பிறந்த அக்கா என்று பார்க்கிறேன், வேறு யாராவது என்றால் நடக்கிறதே வேறு.

நீ நாயைப் பார்த்ததில்லை, அதனால்தான் பயப்படுகிறாய். நீ போன பிறகு வந்தவன் அவன். பெயர் கப்பல். டென்மார்க்குக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றபோது மேல்தட்டிலிருந்து கடலில் குதித்து நீந்தி வந்து, அத்தனை கூலிகள் நிற்க, அவர்களை வேலை வாங்குகிற மண்டோர் யார் என்று பார்த்து என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான், அந்தக் கப்பல் கேப்டன் தொப்பியைக் கழற்றி, மிஸ்டர் துரை, இனி இவன் உங்கள் நாய் என்று சொல்லிவிட்டுப் போனான். இதை எழுதும்போது சித்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பொய், தேக்கா மார்க்கெட்டில் மீன் கடைக்குப் பின்னால் சொறியோடு கிடந்தது என்று எழுதுங்கள் என்கிறாள். மீன் கடைக்கு அவன் எப்படி வந்தான், கடலிலிருந்துதானே வந்திருக்கவேண்டும், அதை யோசிக்கமாட்டாள். இருக்கட்டும். வந்த புதிதில் ஜவ்வரிசி அலமாரி உச்சியை விட்டு இறங்கவில்லை, இவனும் கீழே நின்று குரைத்துத் தீர்த்தான், அது உண்மை. நான் விட்டேனா. துறைமுகத்தில் தமிழன் மலாய்க்காரன் சீனன் எல்லாரையும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்க வைக்கிறவன், ஒரு நாயையும் பூனையையும் சேர்த்து வைக்க மாட்டேனா. அடுப்படி அரைக்கதவைச் சாத்தி அந்தப் பக்கம் ஒன்றுக்கும் இந்தப் பக்கம் ஒன்றுக்கும் சோறு வைத்து, இது படுத்த சாக்கை அதற்கும் அது படுத்த சாக்கை இதற்கும் மாற்றிப் போட்டு, ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகின பிறகுதான் கதவைத் திறந்தோம். திறந்தோம் என்றால், சித்தி திறந்தாள், சாக்கு மாற்றியதும் அவள்தான், நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேனாம், அதையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். இப்போது இரண்டுக்கும் ஒரே சாக்கு, அவன் வயிற்றில் அவள் தலை.

பொங்கலன்று நடந்ததைக் கேள். பூவம்மா அக்கா முறுக்குத் தூக்குச்சட்டியோடு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஐயோ கொலை கொலை என்று கத்துகிறாள். என்னவென்று ஓடிப் பார்த்தால் கப்பல் ஜவ்வரிசியின் கழுத்தை வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறான். அது அவர்கள் விளையாட்டு. பல் படாமல் கவ்வி, விட்டு, நக்கித் துடைத்துவிடுவான், அவளும் கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டிருப்பாள். பொங்கல் வாங்க வந்த பக்கத்துக் கடை நாகூர் கனி பாய் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நாய் என்றால் நாலு அடி தள்ளி நிற்கிற மனுஷர், அவரே, அம்மா, பூனை புர்ருபுர்ருன்னு சத்தம் போடுது, கடிபட்டா இப்படிப் போடுமா லா என்று சொன்னார். உன் அத்தை கேட்டாளா. நீங்க பேசாதீங்க பாய், இது எங்க வீட்டுப் பூனை என்றாள். அன்றைக்கே உனக்கு ஏர்மெயிலில் பற்ற வைத்துவிட்டாள்.

சீனப் புத்தாண்டு லீவில் உன் கடிதாசியும் ரோத்தான் பிரம்புக் கூடையுமாக வந்து பூனையை அள்ளிக்கொண்டு போனாள். தெரு முழுக்கப் பட்டாசு. கப்பல் புலியே எதிரில் வந்தாலும் அஞ்சாதவன், பட்டாசு மட்டும் ஆகாது, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். அந்தச் சாக்கை நான் உள்ளே தள்ளினேன், அதை மோந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், சோறு தொடவில்லை. ஆம்பிளை நான், என் கண்ணே கலங்கிவிட்டது, பட்டாசுப் புகை என்று சித்தியிடம் சொன்னேன். மறுநாள் பஸ் பிடித்துக் குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். புது பிளாட்டு, பளபளவென்று தரை, குழாயைத் திறந்தால் தண்ணீர், எல்லாம் சரி. பூனை எங்கே அக்கா என்றால் உள்ளே காட்டுகிறாள். லீலா, நான் எழுதுவதை நீ நம்பமாட்டாய், இதில் மட்டும் சித்தி ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. பூனைக்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வைத்திருக்கிறாள்! நாய் வாய் வைத்த ஜீவனாம், அப்படியே வீட்டுக்குள் விடமாட்டாளாம். உச்சி முதல் வால் வரை நல்லெண்ணெய், அப்புறம் சீயக்காய், அப்புறம் ஈரம் காயச் சாம்பிராணிப் புகை, நெற்றியில் திருஷ்டிக்கு மைப் பொட்டு. உலகத்தில் எந்தப் பூனையாவது எண்ணெய்க் குளியல் கேட்டதா. அது சுவரோரம் உட்கார்ந்து நனைந்த துணி மாதிரி என்னைப் பார்க்கிறது, முன்னால் வைத்த மீன் அப்படியே கிடக்கிறது. அத்தை கையெல்லாம் கீறல். பூனையைத் தூக்கிக் கூடையில் வைத்தேன். டேய் துரை, நீ கொண்டுபோ, நாய் என்ன செய்யுதுன்னு நானும் வந்து கண்ணால பாக்கிறேன் என்று அவளும் பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தேன். கப்பல் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தான். மோந்தான். சீயக்காயும் சாம்பிராணியுமாக யாரோ ஒரு புதுப் பூனை! பல்லைக் காட்டி ஒரு உறுமல் உறுமினான் பார், ஜவ்வரிசி ஒரே தாவில் அலமாரி உச்சி. அவன் கீழே, அவள் மேலே, பழையபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். உன் அத்தை முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்க்கவேண்டுமே. பாத்தியாடா உன் சீமை நாயின் லட்சணத்தை, இந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வருவேன், பிள்ளையின் கடிதாசி என் கையில் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாடையைக் கழுவிவிட்டவள் அவள், பழி என் நாய்க்கு. கேட்பாரில்லையா!

நான் குதித்துக்கொண்டிருந்தபோது சித்தி பெட்டியைத் திறந்து நீ வீட்டில் போடும் அந்தப் பழைய நீலப் பூக் காவுனை எடுத்தாள். நீ கடைசியாகக் கழற்றிப் போட்டது, அவள் அதைத் துவைக்கவே இல்லை, எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஜவ்வரிசி உன் மடியில் அதன்மேல்தானே படுத்துக் கிடக்கும். அதை வைத்துப் பூனையைத் துடைத்தாள், பிறகு நாயைத் துடைத்தாள், மறுபடியும் பூனை, மறுபடியும் நாய், தினமும் இதே வேலை. அரைக்கதவைச் சாத்தி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சோறு. முதலில் உறுமல் நின்றது. அப்புறம் ஜவ்வரிசி அலமாரியிலிருந்து நாற்காலிக்கு இறங்கினாள். நேற்று நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், சாக்கின்மேல் உன் காவுன், காவுன்மேல் கப்பல், கப்பல் வயிற்றில் ஜவ்வரிசி. நாகூர் கனி பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன், தெருவே திரண்டு வந்து பார்த்தது. சித்தி பாய் மட்டும்தான் வந்தார் என்கிறாள். அவர் வந்தால் தெரு வந்த மாதிரிதான்.

இப்போது உன் கையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடை வரும், அதை எப்படியாவது ஒரு வாரம் சமாளித்துக்கொள்கிறேன். நீ இந்தக் கடிதாசி கண்டதும் அத்தைக்கு ஒரு வரி, பூனை சித்தப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுது. அவளிடம் கோபமாக எழுதாதே, பாவம், உன்மேல் இருக்கிற ஆசையில்தான் கையெல்லாம் கீறல் வாங்கினாள். ஆனால் பூனைக்கு இனி எண்ணெய் வேண்டாம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடு. எனக்கு எழுதாமல் அவளுக்கு எழுதினதற்கு நீ வந்த பிறகு உன்னிடம் தனியாகச் சண்டை இருக்கிறது. கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்தால் பகலில் தூங்கு, சாப்பாட்டில் உப்பு இல்லை என்று விடாதே, சித்தி ஊறுகாய் அனுப்புகிறாள்.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், நல்ல பெயரெடுத்து நர்ஸாகத் திரும்பி வா. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். நீ அந்த ஊர் சோப்பு வாசனையோடுதான் வந்து இறங்குவாய், கப்பலுக்கு உன்னைத் தெரியாது, கட்டாயம் குரைப்பான், ஜவ்வரிசிகூட அலமாரியில் ஏறினாலும் ஏறும். கோபித்துக்கொள்ளாதே. காவுனைச் சித்தி துவைக்கமாட்டாள். வாசலிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மண்டோர் மு. துரைசாமி