உன் பெட்டிக்கு இன்னும் மார்கழி

இன்று காலையும் தீவன அறையைத் திறந்தபோது, மக்காச்சோளத் தூசி வாசனைக்கு நடுவே அந்தப் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. உன் பெட்டி எனக்கு முன்பே எழுந்து இன்றைக்கான ஃபைலை எழுதி முடித்திருந்தது. நீ தையில் போனாய். இது சித்திரை.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இந்தப் பல்லடத்துக் காட்டுக்கு என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள், கோழிப்பண்ணையில் என்ன செய்வாளோ என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நீ ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில் ஃபேனுக்கும் விளக்குக்கும் புரோகிராம் எழுதினாய். குஞ்சுக்கு நாள் ஏற ஏறக் காற்றும் வெளிச்சமும் மாற வேண்டும். அதனால் ஒரு புரோகிராம் விடியற்காலையில் இன்னொரு புரோகிராமை ஃபைலில் எழுதி வைக்கும். ஃபேன்கள் அந்த ஃபைல் சொல்கிறபடி சுற்றும்.

"ஃபேன் சுத்தறதுக்கு இத்தனை எழுதோணுமா அம்மணி? சுவிட்சைப் போட்டாப் பத்தாதா?" என்று கேட்டேன்.

"சுவிட்சைப் போட நீங்க நேரமே எந்திரிக்கோணுமுங்களே" என்று சிரித்தாய். பிறகு திரையைக் காட்டினாய். "இந்த ரெண்டு கொட்டேஷன் குறிக்கு நடுவால இருக்கறதெல்லாம் வெறும் எழுத்துங்க. தானா ஒண்ணும் செய்யாது. ஃபைல்ல எழுதி, அதை ஓட்டினாத்தான் வேலை. புரிஞ்சுதுங்களா?"

புரிந்தது என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையை அல்ல.

மார்கழிக் குளிருக்கு ஏற்றபடி ஃபேன் பத்து மணிக்கு ஓடும்படி வைத்திருந்தாய். மாசி பிறந்ததும் மாற்றிவிடலாம் என்றாய். அதற்குள் ஒரு தலைவலி, ஆஸ்பத்திரி, அங்கே ஓர் இரவு. அவ்வளவுதான். நீ இனி இல்லை என்பதை டாக்டர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மாசியில் அடுத்த குஞ்சுகளை இறக்கி, நீ காட்டிக்கொடுத்தபடி பெட்டிக்குத் தேதியைச் சொன்னேன். வெயில் ஏறியது. ஃபைலைத் திறந்து பத்தை எட்டாக மாற்றினேன். அன்று ஃபேன் எட்டுக்கே ஓடியது. எனக்கும் கொஞ்சம் வருமென்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடி பத்து. சேமிக்க மறந்துவிட்டேன் போல என்று திரும்பவும் மாற்றினேன். அடுத்த நாளும் பத்து. நீ சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நான் திருத்தியது எழுதப்பட்டதை, எழுதுகிறதை அல்ல. தினமும் விடியற்காலையில் உன் கொட்டேஷனுக்குள் இருக்கும் மார்கழி, என் திருத்தத்தை அழித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

பங்குனியில் துணிந்து, ஃபைலை எழுதுகிற தாய் புரோகிராமிலேயே கை வைத்தேன். எட்டு என்று அடிக்கும்போது கடைசி கொட்டேஷனையும் சேர்த்து அழித்திருக்கிறேன், தெரியவில்லை. மறுநாள் பெட்டி ஒன்றும் எழுதவில்லை; முந்தின நாள் ஃபைல் அந்த நாளோடு சரி. பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பித் தீவனம் வாங்கப் போயிருந்தேன். உச்சி வெயிலில் வந்து பார்த்தபோது ஃபேன்கள் அசையாமல் நின்றன. கோழிகள் வாயைப் பிளந்தபடி சுவரோரம் குவிந்து கிடந்தன. தண்ணீரைத் தெளித்தேன், ஓடினேன், கத்தினேன். கையில் எடுத்ததெல்லாம் துவண்டது. உன்னைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

நீ பென் டிரைவில் வைத்திருந்த பழைய காப்பியைப் போட்டேன். அதன் பிறகு தினமும் விடிந்ததும் ஓடிப் போய்ப் பத்தை எட்டாக்கினேன். குஞ்சு தரும் கம்பெனிக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இப்படியே இருந்தா அடுத்த குஞ்சு எறக்க முடியாதுங்க."

புதுப் பெட்டி வைக்க வந்தவர் உன் புரோகிராமை வெகுநேரம் பார்த்தார். "அக்கா சுத்தமா எழுதியிருக்காங்கண்ணா. இந்த ஒரு எடத்துல மாத்திப்போட்டா இதே ஓடுமுங்க. மாத்தட்டுங்களா?"

மாற்றச் சொல்லியிருக்கலாம். உன் எழுத்துக்குள் வேறு ஒருவர் விரல் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. "வேண்டாங்க, புதுசே போட்டுப்போடுங்க" என்றேன். ஃபேன் வயர்களை எல்லாம் கழற்றிப் புதியதில் மாட்டினார். உன் பெட்டியின் கரண்ட் வயரில் கை வைத்தபோது மட்டும், "அது இருக்கட்டுங்க" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

புதுக் குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. அவை வந்த தேதியை உன் பெட்டிக்கு நான் சொல்லவில்லை. லாரி ஏறிப் போய்விட்ட பழைய கோழிகளுக்கே அது நாள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஃபைலின் தலையில் நீ வைத்த வரி இன்றும் அப்படியே வந்திருந்தது: "ஏனுங்க, குஞ்சுக்கு இன்னிக்கு அறுவத்திமூணு நாளுங்க." அதன் கீழே, பத்து மணிக்கு ஃபேன்.

வெளியே எட்டு மணிக்கே தகரம் கொதிக்கிறது. நீ சொல்வதைக் கேட்டுச் சுற்ற இனி ஒரு ஃபேனும் இல்லை. படித்தேன். திருத்தாமல் மூடிவிட்டேன்.