ரெடி என்று எழுதியிருந்தது

நவம்பர் 4, 2025, செவ்வாய்

ரெனிஷாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒன்பது வருடம் வீட்டில் உட்கார்ந்து, ஒர்க் பெர்மிட்டுக்குக் காத்திருந்து, அது வந்த பிறகு என்னோடு மல்லுக்கட்டிப் பரீட்சை எழுதி, கடைசியில் ஸ்ட்ரௌட்ஸ்பர்க் பக்கம் ஒரு மருத்துவமனை லேபில். நாங்கள் இருக்கும் பார்சிப்பனியிலிருந்து நாற்பத்தைந்து மைல், ஃப்ரீவேயில் மேற்கே, மலையை ஒட்டி வளைந்து வளைந்து. காலை ஏழு மணி ஷிஃப்ட்.

கடிதத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். டிசம்பர் 15 சேர வேண்டும். டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பனி கொட்டினாலும் வந்தாக வேண்டும், ஏனென்றால் லேப் ஊழியர்கள் 'எசென்ஷியல்'. அந்த வார்த்தையை இரண்டு தடவை வாசித்தாள்.

"அம்மா இஸ் எசென்ஷியல்," என்றாள் ஜெமிமா. "டாடி இஸ் ஹைப்ரிட்."

வாரத்தில் மூன்று நாள் ஜெர்சி சிட்டி வங்கிக்குப் போய், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்கு அதுதான் பெயராம். பதினோரு வயசுக்கு இந்த வாய் அதிகம்.

வீட்டில் இருப்பது ஒரே வேன். இன்னொரு கார் வேண்டும். பழையது, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட், பனிக்குத் தாங்குவது. "கார் விஷயத்த எங்கிட்ட விட்டுரு," என்றேன். ரெனிஷா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு அந்தப் பார்வை?

நவம்பர் 6

எக்செல் ஷீட் தயார். பத்தொன்பது தலைப்பு. பேட்டரியின் வயசு, டயரின் வயசு, சீட் ஹீட்டர், ஃப்ளாஸ்க் வைக்கும் குழியின் ஆழம் வரைக்கும். இணையத்தில் ஒருவன் ஹைப்ரிட் பேட்டரி எட்டு வருடம் என்கிறான், இன்னொருவன் பதினாலு என்கிறான், மூன்றாமவன் இரண்டு பேரையும் முட்டாள் என்று திட்டிவிட்டு அரசியல் பேசப் போய்விட்டான். மூன்று பேரையும் கடைசிவரை வாசித்தேன். இந்த ஊரில் ஹைப்ரிட் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவன் இப்போது எவனும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் சுவிசேஷமுத்து அங்கிளைப் பிடித்தேன். நம் சபையில் யார் கார் வாங்கினாலும் அவர் வந்து பார்க்க வேண்டும். பாஸ்டர் ஜெபிப்பது அதற்கு அப்புறம்தான். அவர் பேப்பர் பார்ப்பதில்லை. பானெட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்பார்.

"மனுசன் பொய் சொல்லுவான் ஆலன் தம்பி, பேப்பரும் பொய் சொல்லும். எஞ்சின் பொய் சொல்லாது, பாத்துக்கிடும்."

பாளையங்கோட்டையில் இளவயதில் லேத் வைத்திருந்தாராம். இங்கே முப்பது வருடமாக அவர் பார்த்தது இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அது எவருக்கும் நினைவில்லை, எனக்கும்தான்.

நவம்பர் 15, சனி

டீலரிடம் போனோம். நான், அங்கிள், ரெனிஷா. விற்பனையாளன் என்னைப் பதினோரு முறை 'மை ஃப்ரெண்ட்' என்றான். நீலக் கார் ஒன்று. ஓடியது கம்மி, ஸ்னோ டயரோடு. என் ஷீட்டில் முதலிடம்.

அங்கிள் காதை வைத்தார். "லேசா ஒரு இருமல் கேக்கே."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். ஷீட்டில் அந்த வரிக்குச் சிவப்பு அடித்தாயிற்று, அதாவது வேண்டாம்.

அடுத்து ஒரு வெள்ளைக் கார். இருமல் இல்லை. ஆனால் இடது பின் டயர் மற்ற மூன்றையும்விட இரண்டு வருடம் மூத்தது, நானே கண்டுபிடித்தேன். "டயர மாத்திக்கலாமே?" என்றாள் ரெனிஷா. "விஷயம் அதில்ல," என்றேன். வேறு என்ன விஷயம் என்று இப்போது எழுத உட்கார்ந்தால் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 18

இருபத்திரண்டு கார் சிவப்பு. ரெனிஷா பாத்திரங்களை ரொம்பச் சத்தமாகக் கழுவுகிறாள்.

நவம்பர் 22, சனி

எடிசனில் மரகதம் ஆன்ட்டி வீடு. ரிட்டயர்டு டீச்சர், நாட்டின் மறுகோடியில், பிளசன்டனில் மகள் வீட்டோடு போய்ச் சேர்கிறார். காரை விற்றுவிட்டுப் போகிறார். சாம்பல் கலர் ஹைப்ரிட், ஒரே ஓனர். நல்ல வெயில், ஸ்வெட்டர் கூட வேண்டியிருக்கவில்லை. ஆன்ட்டி சாவியைக் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனார். நான் ஸ்டியரிங்கில், ரெனிஷா பின் சீட்டில், அங்கிள் பானெட்டின் மேல்.

பிரேக்கை மிதித்து பட்டனை அமுக்கினேன். விளக்கெல்லாம் எரிந்தது. எஞ்சின் மூச்சு விடவில்லை.

"இன்னொருக்கா அமுக்கும்."

அமுக்கினேன். இருந்த விளக்கும் அணைந்தது. மறுபடி. மறுபடி. நாலு தடவை.

அங்கிள் காதை எடுத்தார். "ஒண்ணுமில்ல தம்பி, முடிஞ்சுது." டாக்டர்கள் வெளியே வந்து சொல்கிற அதே குரல்.

டீயோடு வந்த ஆன்ட்டியிடம் பக்குவமாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலைலதானே தம்பி காய்கறி வாங்கிட்டு வந்தேன் இதுல! நீங்க வர்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி!" டீச்சராக இருந்தவர் வாய் கூசாமல் எப்படிப் பொய் சொல்கிறார். நான் டீயை மிச்சம் வைத்துவிட்டேன். ரெனிஷா முழுசாகக் குடித்தாள், ஆன்ட்டியின் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். எதற்கு என்றேன். "பாவம், தனியா இருக்காங்க."

நல்லவேளை அங்கிள் கூட வந்தார்.

நவம்பர் 25

சண்டை. ஜெமிமா ஹோம்வொர்க்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்றாள் ரெனிஷா. அவசரப்பட்டால் ஏமாந்துவிடுவோம் என்றேன். ஷீட்டைக் காட்டினேன், முப்பத்திரண்டு வரி. அவள் கடைசி வரை தள்ளிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"நீங்க எங்க காரு தேடுறீங்க? நான் போகாம இருக்க நல்லதா ஒரு காரணம் தேடிக்கிட்டு இருக்கீங்க. அது எந்த டீலர்கிட்டயும் கிடைக்காது."

என்ன பேச்சு இது? யாருக்காக ராத்திரி பகலா உக்காந்து வாசிக்கிறேன்? அந்த மலை வளைவுல பாறை விழுதுன்னு போர்டே வச்சிருக்கான், அதப் பாத்தாளா? பயப்படாம வேற என்ன செய்யணுமாம்—

பயம் என்று எழுதிவிட்டேன். அக்கறை என்று எழுத வந்தேன்.

நவம்பர் 27

தேங்க்ஸ்கிவிங். சர்ச் விருந்தில் அங்கிள் ஒவ்வொரு மேஜையாகப் போய் 'ஆலனைச் செத்த காரிலிருந்து காப்பாற்றிய கதை'யைச் சொன்னார். கடைசி மேஜையில் அந்தக் காரிலிருந்து புகையும் வந்துவிட்டது. ரெனிஷா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டாள்.

நவம்பர் 29, சனி

முப்பத்து நாலாவது வரி அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து ஜெமிமா கத்தினாள். "டாட்! யுவர் டெட் கார் இஸ் ஹியர்!"

சாம்பல் கலர். எங்கள் டிரைவ்வேயில். ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் வந்து நின்றது. ரெனிஷா இறங்கினாள்.

வெளியே ஓடினேன். அவள்தான் பேசினாள். "நான் பின் சீட்லருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். டேஷ்போர்டுல ரெடின்னு பச்சையா எழுதியிருந்துச்சு. சூடா இருக்கிற ஹைப்ரிட்டுக்கு எடுத்த உடனே எஞ்சின் ஓடாது, பேட்டரியிலதான் நிக்கும். நீங்க ரெண்டு தடவ ஆன் பண்ணீங்க, ரெண்டு தடவ ஆஃப் பண்ணீங்க. அந்த மனுசன் காதத் தீட்டிக்கிட்டு அடக்க ஆராதன நடத்திட்டாரு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டீங்களா?"

புதன்கிழமை டாக்ஸி பிடித்து எடிசனுக்குப் போயிருக்கிறாள். ஆன்ட்டியோடு மெக்கானிக்கிடம் காட்டி, அப்படியே மலையைத் தாண்டி மருத்துவமனை வாசல்வரை ஓட்டிப் பார்த்து, பார்க்கிங்கில் நின்றே வேலைக்குச் சம்மதம் அனுப்பியிருக்கிறாள். என்னிடம் ஒரு டாலர் கேட்கவில்லை. பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் சல்லடை ஒன்று உண்டாம். அதில் லீவுக்கு வந்த ஆன்ட்டியின் பேரப்பிள்ளைகள் சிந்திய ஓமப்பொடி அடைத்திருந்ததாம். அதையும் வேக்யூம் பண்ணியாயிற்று.

என் பத்தொன்பது தலைப்பில் ஓமப்பொடி இல்லை. இத்தனை நாள் ஹைப்ரிட்டைக் கரைத்துக் குடித்தவன், ஒரு ஹைப்ரிட்டில் முதல்முதலாக உட்கார்ந்ததே அந்த எடிசன் சனிக்கிழமைதான். மரகதம் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். மிச்சம் வைத்த டீக்கும் சேர்த்து.

டிசம்பர் 1

இதை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும், இங்கேயே எழுதுகிறேன்.

2019 பிப்ரவரி, டென்வில் பக்கம். ரோட்டில் ஐஸ் இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. வேன் ஒரு முழுச் சுற்று சுற்றி தடுப்புக் கம்பியில் போய் இடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெமிமாவுக்கு நாலு வயது, பின்னால் கார் சீட்டில் இருந்தாள். கை தட்டி, "அகெய்ன்!" என்றாள். ராட்டினம் என்று நினைத்துவிட்டாள். நான் இறங்கி அந்தப் பக்க சீட்டுக்குப் போய்விட்டேன். ரெனிஷாதான் மிச்ச வழியை ஓட்டினாள்.

அதற்குப் பிறகு பனியில் நான் வண்டியை எடுத்ததில்லை. பனி என்றால் வீட்டிலிருந்து வேலை, கம்பெனி பாலிசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒரு பாலிசி இல்லை. ஆறு வருடமாக ரெனிஷாவுக்கு அது தெரியும், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் என்னடாவென்றால் என் பயத்துக்குப் பத்தொன்பது தலைப்புப் போட்டு, ஒன்பது வருடம் காத்திருந்தவளிடம் நீட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 15

5:35-க்குக் கிளம்பினாள். 6:41-க்கு மெசேஜ்: "வந்துட்டேன். சாம்பார் ஃப்ரிட்ஜ்ல." இடையில் அறுபத்தாறு நிமிடம் நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

ஜனவரி 13, 2026, செவ்வாய்

ராத்திரியெல்லாம் பனி. எங்கள் வங்கியில் எல்லாரும் வீட்டிலேயே இருக்கலாம் என்று மெயில். எசென்ஷியலுக்கு மெயில் எதுவும் இல்லை.

படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். குளிரில் அந்த எஞ்சினும் எல்லா எஞ்சினையும் போல இரைகிறது, ஹீட்டருக்காக. ஐந்து நிமிடம் ஓடியது. சட்டென்று நின்றது.

போச்சு என்று எழுந்து, கட்டியிருந்த சாரத்தோடும் செருப்போடும் பனிக்குள் ஓடினேன். கணுக்கால்வரை புதைந்தது. ரெனிஷா கண்ணாடியை இறக்கினாள்.

"நின்னுருச்சு!" என்றேன்.

கையுறை போட்ட விரலால் டேஷ்போர்டைத் தொட்டுக் காட்டினாள். பச்சை எழுத்து. "சூடாயிருச்சு, அதான். உள்ள போங்க, காலு வெறச்சிரும்."

போகும்போதும் சத்தமில்லை. டயரில் பனி அரைபடும் சத்தம் மட்டும், அதுவும் கொஞ்ச தூரம்தான். அவள் பயப்படுகிறாளா என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. சாயங்காலம் கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. மெதுவாப் போறேன்," என்றாள். அவ்வளவுதான். இதற்கு ஷீட் எதுவும் போடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பனியில் ஓட்டச் சொல்லித்தா என்று நானாகத்தான் கேட்டேன். சர்ச் முடிந்து எல்லாரும் போன பிறகு, பின்பக்க பார்க்கிங்கில். அங்கே பனி தள்ளவில்லை, இடிக்க ஒரு கம்பம்கூட இல்லை. முதலில் ரெனிஷா வண்டி சூடாகும்வரை சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினாள். சறுக்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாதாம், போகவேண்டிய பக்கம் பார்த்துத் திருப்ப வேண்டுமாம். ஆஃப் பண்ணிவிட்டு இறங்கி இடம் மாறினோம். பின்னால் ஜெமிமா, போனைக் கீழே வைத்துவிட்டு.

அங்கிள் இன்னும் போகவில்லை. மங்கி கேப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். அவருக்கும் ஒரு ஹைப்ரிட் வேண்டுமாம், மருமகனுக்கு. காலையில் என்னைத் தாண்டி ரெனிஷாவிடம் போய், "நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லும்மா," என்று கேட்டிருக்கிறார்.

பிரேக்கை மிதித்தேன். பட்டனை அமுக்கினேன். விளக்கெல்லாம் எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். 

"தம்பி, சத்தத்தையே காணுமே!" என்று வாசலிலிருந்து அங்கிள் கத்தினார்.

"ரெடின்னு இருக்குல்ல?" என்றாள் ரெனிஷா. "போங்க."

கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.