ஞாயிறு ஆறு மணிக் கையெழுத்து

நிலவு தென்முனை நிலையம். எழுதுபவர்: பொறியாளர் கிதியோன்.

சனி, 17:10
காற்றழுத்தம் சரி. நீர்க்குழாய்கள் சரி. கரியமில வாயு வடிகட்டிகள் இரண்டும் சரி. நாளைக் காலை ஆறு மணிச் சோதனைக்கும் இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓய்வுநாளில் வேலையைத் தொடாத குடும்பம் எங்களுடையது. நாளை அப்பம் பிட்டு உண்ணும் திருவிருந்து ஆராதனை வேறு. எங்கள் ஊர் சாயர்புரத்திலிருந்து போதகர் வானொலியில் நடத்துகிறார். இங்கே என்னோடு இருக்கும் ஒரே மனிதர் மாசிலாமணி அண்ணன். கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஆண்டவர் ஒன் நோட்டப் பாப்பாரா, கொழாயப் பாப்பாராலே?" அவர் மனந்திரும்ப வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டேன். அவ்வளவு பக்தி எனக்கு.

ஞாயிறு, 08:20
நீர்க்குழாய் கசிந்து ஒரு வடிகட்டி ஊறிப்போய்விட்டது. கசிவு தொடங்கியது 05:30க்கு. ஆறு மணிக்குப் போய்ப் பார்த்திருந்தால் குழாயை ஒரு திருகு திருகியதோடு முடிந்திருக்கும். மீட்புக்கலம் வர ஒன்பது நாள் ஆகும். மிச்சமுள்ள வடிகட்டி ஒருவருக்குத்தான் தாங்கும். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிறு, 09:05
நான் பின்னறையில் இருந்தபோது அண்ணன் நிலவு ஊர்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதில் நான்கு மணி நேரக் காற்றுதான் உண்டு. துரத்திப்போக வேறு ஊர்தி இல்லை. வானொலியில் பேசினார்: "லேய், அழாத. பதிவுல ஒன் பேர எடுத்துட்டேன். சோதனைய விட்டது நாந்தான்னு தலைமையகத்துக்குச் சொல்லியாச்சு. ஒனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைய. திருவிருந்த மட்டும் விட்டுறாத, என்னா?" திரும்பி வரச் சொல்லிக் கத்தினேன். ஊர்தி திரும்பவில்லை.

ஞாயிறு, 10:30
தலைமையகம், வானொலியில்: "சோதனையைத் தவறவிட்டவர் மாசிலாமணி. உறுதிப்படுத்தவும்."
ஆம் என்றேன்.

ஞாயிறு, 12:15
போதகர் அப்பத்தைப் பிட்டு, "கிறிஸ்துவின் சரீரம், உனக்காக" என்றார். முப்பது வருடமாகக் கேட்கும் சொல். பெரிய வெள்ளிதோறும் அழுதிருக்கிறேன். இயேசுவை ஆணியடித்தவர்கள் வேறு யாரோ என்ற நினைப்பில் அழுத சுகமான அழுகை அது. இன்று அப்பம் என் கையில் இருந்தபோது ஊர்தியில் இன்னும் ஐம்பது நிமிடக் காற்று இருந்தது. எனக்காக ஒருவர் சாகிறார். நான் கைகழுவி, தலைவாரி உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அப்பத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு, 13:05
நேரம் முடிந்தது.

திங்கள், 10:00
அண்ணன் மனைவி எப்சிபா அக்கா அனுப்பிய குரல்: "தம்பி, அவுக கவனக்கொறவால ஒங்க உயிருக்கே ஆபத்தாயிட்டுன்னு சொன்னாவ. அவுகளுக்காக நான் மன்னிப்பு கேக்கேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

திங்கள், 10:20
அப்பம் அங்கேயே காய்ந்து கிடக்கிறது. இந்தக் குறிப்புகளை அப்படியே அனுப்புகிறேன், முதலில் அக்காவுக்கு, பிறகு தலைமையகத்துக்கு.

அக்கா, என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். கையெழுத்து என்னுடையது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் "ஆம்" என்று சொன்ன அலைவரிசை ஊர்தியிலும் கேட்கும். அண்ணன் அப்போது உயிரோடுதான் இருந்தார்.