எனக்கு மட்டும் இல்லாத மாத்திரை

ஜூன் 9, செவ்வாய்

இன்றும் வலி இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த தேதி போன வாரமே போய்விட்டது. கடைசி நிறுத்தம் வந்த பிறகும் இறங்காமல் தூங்குகிறவர்களை என் கண்டக்டர் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். தோளைத் தட்டினால் எழுந்து போவார்கள். இது தட்டினால் திருப்பி உதைக்கிறது.

மூத்தவள் வாயாடி காலையில் என் வயிற்றில் வாயை வைத்து, "நீ வர்றியா, இல்ல நான் ஸ்கூலுக்குப் போகட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கப்பல். எலெக்ட்ரீஷியன் இவர் இல்லாமல் கிளம்பாதாம். வாயாடி பிறந்தபோதும் கடலில்தான் இருந்தார். அவள் உட்காரப் பழகிய பிறகுதான் வந்து தூக்கினார். இந்த முறையாவது பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் பார்த்துப் பார்த்து லீவு போட்டார். லீவு நம் கையில். குழந்தை?

ஜூன் 10, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய என் தேதிதான். வலி வரவழைக்கும் மாத்திரை கொடுக்க அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். என் முறை வந்தது. டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார், துடிப்பைக் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு. சனிக்கிழமை வாங்க."

"எனக்கும் அந்த மாத்திரை குடுங்களேன் டாக்டர்."

"உங்களுக்கு அது கிடையாது."

"ஏன்?"

"போன தடவை ஆபரேஷன் ஆயிருக்கில்ல? அதான்."

அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.

அதான்னா எதுதான்? வாயாடி ஏன் என்று கேட்டால்கூட நான் இதைவிடப் பெரிய பதில் சொல்வேன்.

ஜூன் 11, வியாழன்

ஃபோன் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "இன்னும் இல்லையா?" இல்லை. இல்லை. இல்லை!

ஜூன் 12, வெள்ளி

நாத்தனார் வந்தார். இவருடைய அக்கா. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். உள்ளே இரண்டு மாத்திரைகள்.

"மருந்துக்கடையில சீட்டுகூடக் கேக்காம குடுத்துட்டான். எனக்குச் சின்னவன் பொறந்தப்ப இதேதான். காலையில போட்டேன், சாயங்காலம் கையில பிள்ளை."

"அக்கா, உங்களுக்கு ஆபரேஷன் ஆகலையே?"

"வயித்துக்கு வயிறு மாறுமாடி?"

நாத்தனார் போன பிறகு அவரிடம் கேட்டேன், "நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

என் இஷ்டமா! நல்லது நடந்தால் ரெண்டு பேருக்கும் பிள்ளை, கெட்டது நடந்தால் என் இஷ்டம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! கத்திவிட்டேன். வாயாடி பயந்து அழுதாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போட்டால்தான் என்ன? அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியே கொடுக்கிறது. டம்ளரில் தண்ணீர்கூட எடுத்துவிட்டேன். அப்போது வயிற்றுக்குள் அதற்கு விக்கல் எடுத்தது. சின்னச் சின்னதாக, ஒரே சீராக. சரி, விக்கல் நிற்கட்டும் என்று உட்கார்ந்தேன். அது நின்றபோது என் கோபமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏன் கூடாது என்று தெரியாமல் விழுங்கமாட்டேன். நாளைக்கு அந்த டாக்டரம்மாவை நான் விடப்போவதில்லை.

ஜூன் 13, சனி

பொட்டலத்தை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். "இதை எனக்கு ஏன் தரலைன்னு சொல்லுங்க. சொல்லாம எந்திரிக்கமாட்டேன்." பின்னால் வரிசை முணுமுணுத்தது. பஸ்ஸில் கேட்காத முணுமுணுப்பா?

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "போட்டுட்டீங்களா?"

"இல்ல."

பேனாவை மூடி வைத்தார். "போன தடவை உங்க கர்ப்பப்பையை வெட்டித் தைச்சிருக்காங்க. அந்த இடம் பலவீனமா இருக்கும். இந்த மாத்திரை கர்ப்பப்பையைப் பலமா இறுக்கும். விழுங்கினப்புறம் திரும்ப எடுக்க முடியாது. தையல் பிரிஞ்சா உங்க உயிருக்கும் ஆபத்து, பிள்ளை உயிருக்கும் ஆபத்து. வீட்டுல அப்படி ஆனா, இங்க வந்து சேரவே நேரம் இருக்காது. ஆபரேஷன் ஆகாதவங்களுக்கே நாங்க இங்க வச்சுப் பாத்துப் பாத்து, துளித்துளியாத்தான் குடுக்கறோம். கடைக்காரன் குடுத்திருக்கறது அதுல பல மடங்கு."

"இதைப் புதன்கிழமையே சொல்லியிருந்தா நான் எதுக்கு டாக்டர்..." பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

வேறு வழி இருக்கிறதாம். கர்ப்பப்பையின் வாயில் சின்ன பலூன் ஒன்றை வைத்து மெல்லத் திறக்கச் செய்வது. ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில்தான் அதையும் செய்வார்களாம். படுக்கை கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

அவர் போய்விட்டார். கேப்டனிடம் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. வார்டு வாசலில் நின்று, "அன்னிக்கு உன் இஷ்டம்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். இப்போது சொல்லி? பலூன் வைத்த இடம் இழுக்கிறது. வலி வந்தும் வராமலும். யார் மேல் கோபப்படுவது, கடல் மேலா?

ஜூன் 16, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

பலூன் தானாகக் கழன்று விழுந்ததும் கையில் வலி வரவழைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்; இதை நினைத்தபோது நிறுத்தலாமாம். நர்ஸ் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. "கொஞ்சம் வேகமா விடுங்களேன்" என்று நானே கெஞ்சினேன். "மாட்டேன்மா" என்றாள். வலி நன்றாகப் பிடித்த நேரத்தில் குழந்தையின் துடிப்பு இறங்கியது. உடனே மருந்தை நிறுத்தி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். துடிப்பு ஏறியது. மறுபடி இறங்கியது.

"இனி காத்திருக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

இத்தனை பாடுபட்டு மறுபடி அதே வெட்டா! அழுதேன், திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று ஞாபகம் இல்லை.

பையன். நல்ல கத்தல்.

காலையில் டாக்டரம்மா வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். இந்த முறை நான் கேட்காமலே சொன்னார். "பழைய தையல் தாள் மாதிரி மெலிஞ்சிருந்துச்சு. நான் கர்ப்பப்பையை வெட்டறதுக்கு முன்னாடியே அது வழியா உங்க பையன் தலைமுடி தெரிஞ்சுது."

அவருக்கு ஃபோனில் சொன்னேன். லைன் விட்டுவிட்டு வந்தது. "என்னது? என்ன தெரிஞ்சுது?" திரும்பத் திரும்பக் கத்திச் சொன்னேன். வார்டே என்னைப் பார்த்தது. பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று வைக்கப்போனேன். போகவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

ஜூன் 18, வியாழன்

நாத்தனாருக்கும் தையல் விஷயம் தெரிந்துவிட்டது. இன்று மத்தியானம் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். மருந்துக்கடையில் சண்டை போட்டுவிட்டு வருகிறாராம். தெருவே கூடிவிட்டதாம்.

"சீட்டு இல்லாம யார் கேட்டாலும் எடுத்து நீட்டிருவியாடான்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'கேட்டது நீங்கதானேம்மா'ன்னான்."

"அப்புறம்?"

"'நான் கேட்டா, நீ ஏன்டா குடுத்தே'ன்னேன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல் இழுக்க இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. குழந்தையை எடுத்து மடியில் போட்டு, அதன் உச்சந்தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.