உன் இழையர் படை தோற்ற கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகவே இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி எல்லாம் நல்லபடியாகப் போகிறது. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் சொல்லக்கூடியதை இவர் ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், எனக்குக் கோர்வை அறுந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

அந்த மூக்குக்கண்ணாடிக்கடைப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசை என்று நீ சொன்னதிலிருந்து நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன், பொண்ணு அங்க தவிச்சுக்கிட்டிருக்கா, அந்தப் பையனை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசிடுங்க" என்று காலையும் மாலையும் அரித்தாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. முதல் தெருவில் எல்லோரும் தங்கக் கம்பிதான், குறுக்கே ஒருவன் சைக்கிளை விடும்போதுதான் ஆள் யாரென்று தெரியும். சோபா நுனியில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பையனிடம் எதைக் கண்டுபிடிப்பது? அதிலும் இந்த வயதில் பொம்மைப் படை வைத்து விளையாடுகிறானே என்று நான் முணுமுணுத்தேன், உங்க பொண்ணும் அதைத்தான் செய்யறா என்று அம்மா உடனே வாயை அடைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது, அவனோடு ஒரு ஆட்டம் ஆடியே ஆளைப் பார்த்துவிடலாம் என்று. உன் அலமாரி மேலிருந்த படைப்பெட்டியை இறக்கினேன். திட்டாதே, குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் இறக்கினேன்.

விதிப் புத்தகத்தை அம்மா சத்தமாகப் படிக்க, நான் சாப்பாட்டு மேஜையில் உன் இழையர்களை அடுக்கினேன். அவர்களுடைய பூர்வகதையைக் கேட்டு அம்மா உருகிவிட்டாள். சூரியன் அணைந்துபோய், உடைந்த பாறைகள் மேல் இருட்டில் மிதந்தபடி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில் கண்ணே அற்றுப்போன இனமாம். மூன்று காலில் தத்தித் தத்தி நடக்கிற அவர்களை ஏதோ ஓர் இழை பிணைத்திருக்கிறது, ஒருவனுக்கு அடிபட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கும் வலிக்கும், அதனால் யாரையும் தனியே விடமாட்டார்கள். "ஐயோ பாவம், இதுங்க எதுக்குச் சண்டைக்கு வருதுங்க" என்று கேட்டாள். குளிர் தாங்காமல் சூடான ஒரு சூரியனைத் தேடி வருகிறார்கள், வந்த இடத்தில் மனிதர்கள் பீரங்கியோடு நிற்கிறார்கள் என்று நான் சொன்னேன். உடனே அவள் இழையர் கட்சி. ஆனாலும் எனக்குப் பழக்க வேண்டுமே என்று எதிரிப்படையாக உட்கார்ந்தாள்.

முதல் தடவை எல்லோரையும் ஒரே இடத்தில் குவித்தேன். ஒரு சாண் தூரத்துக்குள் நின்றால் விழுகிற அடியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதே, அந்தத் தைரியம். மிளகுத்தூள் பாட்டிலைப் பீரங்கியாக வைத்து அம்மா ஒரே வீச்சில் பாதிப் படையை அள்ளிவிட்டாள். மறுமுறை ஆளுக்கொரு மூலையாக அனுப்பினேன், தனித்துப் போனவன் ஒவ்வொருவனும் ஒரே அடியில் காலி. கும்பலாகவும் நிற்கக் கூடாது, சிதறவும் கூடாது, பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை மாதிரி ஒருவன் பின்னால் ஒருவனாக நீண்டு வளைந்து போய் எதிரியைச் சுற்ற வேண்டும் என்பது மெல்ல மெல்லத்தான் மண்டையில் ஏறியது. மூச்சடக்கம் என்று ஒரு தந்திரமும் இருக்கிறது, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான், ஒரு சுற்று முழுக்கப் படையில் யாரும் அசையாமல் நின்றால் அடுத்த சுற்றில் இரண்டு மடங்கு தூரம் பாயலாம். அதை வைத்து நான் அம்மாவை ஜெயித்த அன்று என் காபியில் சர்க்கரையே இல்லை.

போன ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறுதோறும் அவன் ஆட வருகிற அந்த விளையாட்டுக் கடைக்குப் போனேன். வெள்ளைச்சட்டை போட்ட ஒல்லிப் பையன், நீ காட்டிய படத்தில் இருந்ததைவிடக் காது கொஞ்சம் பெரிது. பொழுது போகாமல் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன் தம்பி, ஒரு ஆட்டம் ஆடலாமா என்றேன். பெட்டியைத் திறந்ததும் இழையர்களின் ராணியைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்தான், பிறகு "ஆடலாம் சார், உக்காருங்க" என்றான். அவனுடையது மனிதர் படை, மூன்று பீரங்கி வண்டிகள். நடுவில் உடைந்த கோபுரம், கடைசிச் சுற்று முடியும்போது அதில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

நான் இடிந்த சுவர் ஓரமாகவே வரிசையைக் கொண்டுபோனேன். ஒரு பீரங்கி வண்டியை உடைத்தபோது போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது, உன் அப்பாதான். ஆனால் அடுத்த சுற்றிலேயே அவன் என் வரிசையின் நட்டநடுவில் குண்டைப் போட்டு இரண்டு துண்டாக்கிவிட்டான். எனக்குப் பதற்றம். முன்துண்டை மட்டும் கோபுரத்துக்கு ஓட்டிவிடலாம் என்று பொம்மையில் கை வைத்துவிட்டேன். அவன் மெதுவாக, "சார், நீங்க இன்னும் மூச்சடக்கம் எடுக்கல. இந்தச் சுற்று நின்னீங்கன்னா அடுத்ததுல ரெண்டு பக்கமும் சேர்ந்துடும்" என்றான். பேசாமல் இருந்திருந்தால் அவன் அங்கேயே ஜெயித்திருப்பான். சொன்னபடி நின்றேன், சேர்ந்தேன், பாய்ந்து கோபுரத்தையும் வளைத்துவிட்டேன். உடனே எனக்குச் சந்தேகம், அடடா, பையன் நமக்குச் சோப்புப் போடுகிறானோ என்று.

எங்கே போட்டான்! கடைசிச் சுற்றில் கோபுரத்தில் நின்ற உன் ராணிக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் நடுவே நான் ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக இடம் விட்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்து, டேப்பை வைத்து அளந்து, "நீங்களே பாருங்க சார்" என்று என்னையும் பார்க்கச் சொல்லி, ராணியைக் கவிழ்த்து, தன் தளபதி வண்டியைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டான். ஒரு தயவு தாட்சண்யம் இல்லை. அப்புறம்தான் சொன்னான், "பெட்டியத் திறந்ததுமே நீங்க யாருன்னு தெரிஞ்சுடுச்சு சார். அந்த ராணியோட நடுக்கால் உடைஞ்சப்போ ஒட்டிக் குடுத்ததே நான்தான்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெரிந்துமா தோற்கடித்தாய் என்று கேட்டேன். "தோத்துக் காட்டியிருந்தா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். அதோட இது அவ படை சார், பொய்யா ஜெயிக்க வெச்சேன்னு தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவா" என்றான். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். கல்யாணம் என்று ஆனால் என் பெண் வேலையை விட்டுவிட்டு வரவேண்டுமா என்று நேராகவே கேட்டேன். "எதுக்கு சார்? நான் போறேன். அங்கயும் பார்வை மங்கினவங்க இருப்பாங்கதானே" என்றான். பீரங்கியைக் குறி தவறாமல் வைத்தவன் டீ கிளாஸைச் சாய்த்துவிட்டான், சட்டையில் பாதி டீ. நான் பார்க்காத மாதிரி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். என்னாச்சு என்றாள், தோற்றுப்போய்விட்டேன் என்றேன். "அதை யார் கேட்டா?" என்றாள். அவங்க வீட்டு நம்பர் இருந்தால் போன் போடு என்றேன். நம்பர் அவளிடம் எப்போதோ இருந்திருக்கிறது என்பது அவள் போட்ட வேகத்திலேயே தெரிந்தது. அவர்கள் எல்லோரும் புதன்கிழமை வந்து மனம்விட்டுப் பேசிவிட்டுப் போனார்கள், இரண்டு அம்மாக்களும் இப்போதே ஒரு கட்சி.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. நீ எடுத்த முடிவில் எங்களுக்கு முழுச் சந்தோஷம், எல்லாச் சீரும் சிறப்புமாக நீங்கள் வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசியும். லீவுக்கு இன்றே எழுதிப்போடு, கடைசி நேரத்தில் மேலதிகாரி அது இது என்று சாக்குச் சொல்லாதே. வாசலில் மணி அடிக்கிறது, மாப்பிள்ளையாகத்தான் இருக்கும், அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் புது வில்லை போட்டு எடுத்துவருவதாகச் சொன்னார். அவரை வாசலில் நிற்க வைக்கக் கூடாது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா