கொய்யா மரத்துச் சீடி

கொய்யா மரத்தில் தொங்குகிற சீடி இன்று காலை காற்றில் சுழன்று, சுவரில் ஒரு வெளிச்சத் துண்டை ஓடவிட்டது. கிளி பயப்படவில்லை. பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்து பழம் தின்றது. கிளியை விரட்டவென்று முதலில் உன் வீட்டு மரத்தில் அதைக் கட்டியவன் நீ. பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

வைரஸ் புகுந்து படுத்துவிட்ட உன் கம்ப்யூட்டரில், உன் மகள் பிரான்சிலிருந்து கொடுத்தனுப்பிய விண்டோஸை ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் புதிதாகப் போட்டு முடித்தோம். படம் வந்தது, இன்டர்நெட் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. மறுநாள் மாலை கேமராவில் பேத்தி வருவதாக இருந்தது. தமிழே தெரியாத குழந்தை, உனக்காக ஒன்று முதல் பத்து வரை கற்றுக்கொண்டிருந்தாள். போனில் சொல்ல மாட்டாளாம். தாத்தா முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாளாம்.

"வாய் அசையறத மட்டும் பாத்துக்கினு உக்காரணுமா, வாத்தியாரே?" என்றாய்.

ஸ்பீக்கரை ரேடியோவில் மாட்டிப் பார்த்தோம், பாடியது. அப்படியானால் கோளாறு உள்ளே. ஓய்வுபெறும் முன் பள்ளியில் கொடுத்த கம்ப்யூட்டர் பயிற்சிதான் என் தைரியம். ஆனால் நான் படித்தது ஆங்கிலத் திரையில். உன் திரை முழுக்கப் பிரெஞ்சு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன் நீ. தெருவே உன்னை 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடும். உன்னைப் படிக்கச் சொல்லாமல், கம்ப்யூட்டரின் பாகங்களைக் காட்டும் பட்டியலில் இடத்தை வைத்தே நான் வழி சொன்னேன்.

"சவுண்டு கீழதான் இருக்கும். அத எடுத்துடு, தானா திரும்பி வந்துடும்."

"மௌஸுன்னு போட்டிருக்குதேப்பா."

"வேற பேரு வெச்சிருப்பான் பிரெஞ்சுக்காரன். அமுக்கு, சொல்தா!"

அமுக்கினாய். திரையில் அம்பு அப்படியே நின்றுவிட்டது.

"சத்தம் இல்லாத பொட்டிக்கி இப்ப கையும் இல்ல," என்றாய். பிரெஞ்சு அகரவரிசையில் சவுண்டு எங்கோ மேலே போயிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டோம். மௌஸ் வந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. நீயோ நெற்றியைச் சுருக்கினாய்.

"எடுத்துப் போட்ட மௌஸு தானா வந்துட்ச்சி. எடுக்காத சத்தம் ஏன் வரல?"

ஒரு மாணவனாவது கேட்கமாட்டானா என்று வகுப்பில் நான் காத்திருந்த மாதிரிக் கேள்வி அது. காபி ஆறியது. பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்து உதாரணம்தான் கிடைத்தது.

"புது வாத்தியார் வர்றாருன்னு வெச்சுக்க. ரிஜிஸ்டர்ல பேரு இருக்கற பசங்களத்தான் கூப்பிடுவாரு. மௌஸு பேரு அதுல இருக்கு. சவுண்டு வேற பள்ளிக்கூடத்துப் பையன். உள்ளதான் உக்காந்திருக்கான். டி.சி. குடுத்தாத்தான் அவன் யாருன்னே தெரியும். அந்த டி.சி.க்குப் பேருதான் டிரைவர்."

"அந்த டி.சி. எங்க?"

"கம்ப்யூட்டர் வாங்கறப்ப ஒரு சீடி தந்திருப்பானே?"

நீ ஜன்னல் வழியாகக் கொய்யா மரத்தைப் பார்த்தாய்.

சீடியை மரத்திலிருந்து இறக்கி, கிளி எச்சத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். உன் பழைய வேட்டியில் துடைத்தோம். உள்ளே போட்டதும் கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து விண்டோஸின் சின்ன மணி ஒலித்தது. இரண்டு கிழவர்களும் கைதட்டினோம்.

மறுநாள் பேத்தி வந்தாள். ஏழு என்பதை 'ஏலு' என்றாள், நீ திருத்தவில்லை. பத்து முடிந்ததும் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள்.

"சத்தம் வருதான்னு கேக்கறா," என்று என் பக்கம் திரும்பினாய். "சொல்லேன் வாத்தியாரே." நீ துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். 'ஆமாம்' என்பதற்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லை எடுத்து, "உய், உய்" என்றேன்.

நீ போன பிறகு, வீட்டைக் காலி செய்த உன் மகள் இந்தச் சீடியை என்னிடம் கொடுத்தாள். இப்போது வீட்டில் எது நின்றுபோனாலும், வராததை விட்டுவிட்டு வந்ததை முதலில் பார்க்கிறேன். அது உன்னிடம் கற்றது.

காலையிலிருந்து மரத்தடியிலேயே உட்கார்ந்து யோசிக்கிறேன். கிளி வந்துவிட்டது. தினமும் வரும் காக்கை மட்டும் சீடி கட்டியதிலிருந்து ஏன் வரவில்லை, சொல்தா?