இல்லை என்ற இடத்தில் போட்ட புள்ளடி

மாசி 3, செவ்வாய்

விடிய எழும்பினதிலிருந்து பனி கொட்டுகிறது. வழுக்காமல் வாசற்படிக்கு உப்புப் போட்டது கீழ்வீட்டு மதாம். நான் கேட்காமலே. பிரெஞ்சில் மெர்சி சொன்னேன். இன்றைக்கு வாய் திறந்தது அவ்வளவுதான்.

பெண்களுக்கு மார்புப் படம் எடுக்கிற இடத்திலிருந்து கடிதம். ஐம்பது வயதில் தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இது பத்தாவது. 12ஆம் திகதி, மு.ப. 10.20. கூடவே கேள்வித்தாள். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, நிரப்பத் தெரியும். முதல் முறை மகள் கலா வந்து நிரப்பியபோது ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அதைப் பக்கத்தில் விரித்து, அவள் புள்ளடி போட்ட கட்டங்களிலேயே நானும் போடுவேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு இது சின்னக் காரியமில்லை. அதற்குப் பிறகு இதற்காகக் கலாவைச் சூரிச்சிலிருந்து கூப்பிட்டதில்லை.

ஏழு புள்ளடி போட்டாயிற்று. எட்டாவதில் பேனை நின்றுவிட்டது. அந்த ஒரு கேள்வி மட்டும் என்னவென்று எனக்குத் தெரியும்.

வாங்க: வெங்காயம், பால், முழங்காலுக்குப் பூசும் மருந்து.

மாசி 5, வியாழன்

ஆரணி போன் எடுத்தாள். கலாவின் மகள், இருபத்தொரு வயது. பெண்கள் டொக்டரிடம் முதல் முறை போய் வந்தாளாம். கர்ப்பப்பை வாயில் பஞ்சு மாதிரி ஒன்றால் தொட்டு எடுத்துச் சோதிப்பார்களாம், இந்த வயதிலிருந்தே. கடைக்குப் போய் வந்தது போலச் சொல்கிறாள். எனக்குப் பெருமையாய் இருந்தது. பிள்ளைப்பேறு வரும்வரை எங்களை எந்த டொக்டர் பார்த்தார்?

பிறகு கேட்டாள். "அம்மம்மா, எங்கட குடும்பத்தில ஆருக்கும் மார்பில கான்சர் இருந்ததோ? டொக்டர் கேட்டவ. அம்மாவுக்குத் தெரியேல்லையாம்."

"இல்லைப் பிள்ளை."

"உங்கட அக்கா என்னெண்டு செத்தவ?"

"வயித்துப் புண்."

அப்ப நல்லது என்றாள். இருந்திருந்தால் அம்மா ஐம்பது வயது வரை காத்துக்கொண்டிருக்கக் கூடாது, இப்பவே காட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னாவாம். கலாவுக்கு நாற்பத்திமூன்று.

சோறு மிஞ்சிவிட்டது. ஒராளுக்கு அளந்து போட இன்னும் கை பழகவில்லை. அவர் போய் ஆறு வருடம்.

மாசி 6, வெள்ளி

மேகமூட்டம். விளக்கு வைத்தேன்.

எழுதிவிட்டுக் கிழிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். அக்காவுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. இடப்பக்க மார்பில் கட்டி. ஒன்றரை வருடம் துணி வைத்துச் சட்டை போட்டாள். ஆண் டொக்டர், போகமாட்டேன் என்றாள். புண்ணாகி நீர் வடிந்த பிறகே எனக்குக் காட்டினாள். அந்தத் துணிகளை ஒருவர் கண்ணிலும் படாமல் நான்தான் தோய்த்தேன். எங்கள் அம்மாவும் அதால்தான் போனா என்பது அப்போதுதான் விளங்கியது.

அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னது: "வெளியில தெரிஞ்சா என்ர பெட்டையளுக்கு மாப்பிள்ளை எண்டு ஒருத்தரும் வராயினம்."

ஊருக்கு வயிற்றுப் புண் என்று சொன்னது நான். கலா கேள்வித்தாள் நிரப்பிய வருடம் அக்காவின் இளையவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் ஆருக்கும் இருந்ததா என்ற எட்டாவது கேள்விக்கு இல்லை என்று போடு என்றேன், போட்டாள். அந்தப் பெட்டைகள் இரண்டும் கனடாவில் பிள்ளை குட்டியோடு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து அதே கட்டத்தில் போட்டேன். இப்போது ஆரணிக்கும் கலியாணம் பேசுகிற வயது வருகிறதே என்று நினைத்ததும் உண்மை.

மாசி 12, வியாழன்

போய் வந்தேன். தனியாகத்தான். பஸ்ஸில் வழுக்கிவிடாமல் ஏற ஒரு பெடியன் கை தந்தான்.

வழக்கம்போல் மறந்துபோய்க் கமக்கட்டில் பவுடர். படத்தில் வெள்ளைப் புள்ளியாய் விழுமாம். ஈரத்துணி தந்தாள் படம் எடுக்கிற பிள்ளை. நல்ல முகம். மார்பைத் தட்டு இறுக்கும்போது வலி. கொஞ்ச நேரம்தான்.

அதற்கு முதல் என் தாளைப் பார்த்தாள். எட்டாவது கட்டம் வெறுமை. விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

"வீ" என்றேன். ஓம், இருந்தது என்பதற்கு அவ்வளவு சின்னச் சொல். "மா மேர். மா ஸேர்." என் அம்மா, என் அக்கா. தமிழில் ஒருவருக்கும் சொல்லாததைப் பெயர் தெரியாத ஒருத்திக்கு, சட்டை இல்லாமல் நின்று சொன்னேன்.

மகள் இருக்கிறாளா, என்ன வயது என்று கேட்டாள். விரலால் காட்டினேன். காத்திருக்கக் கூடாது என்று தலையை ஆட்டி, ஒரு தாளில் எழுதித் தந்தாள். கலா வாசிப்பதற்கு.

பின்னேரம் கலாவுக்குப் போன் எடுத்தேன். வேலையில் நிற்கிறன், பிறகு எடுக்கிறன் என்றாள். எடுக்கவில்லை.

மாசி 15, ஞாயிறு

கலா எடுத்தாள். தாமதித்தால் வாய் வராது என்று, சாப்பிட்டீங்களோ என்று கேட்க முதலே சொல்லிவிட்டேன். எல்லாம்.

அவளுக்குப் பின்னால் ட்ராம் போகும் சத்தம் கேட்டது.

"பெரியம்மாவுக்கு எத்தினை வயசு அப்ப?"

"நாப்பத்திநாலு."

"எனக்கு வாற மாசம் நாப்பத்திநாலு, அம்மா."

தெரியும் என்றேன். பெற்றவளுக்குத் தெரியாதா.

"ஆரணி கேட்டும் ஏன் சொல்லேல்லை?"

மறுமொழிக்கு நிற்காமல் போனை வைத்துவிட்டாள்.

மாசி 16, திங்கள்

போன் இல்லை. கதவுப்படியில் பனி தள்ளினேன். தபாலில் விளம்பரம் மட்டும்.

மாசி 17, செவ்வாய்

கலா. காலையிலேயே எடுத்தாள். மார்புப் படத்துக்கு நாள் (அவள் சொல்கிற டெர்மின்) எடுத்துவிட்டாளாம், வெள்ளி பி.ப. 2 மணி. கோபம் போகவில்லை என்றும் சொன்னாள். பிறகு:

"நீங்களும் வாங்கோ. எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு."

பத்து முறை நான் தனியாகப் போனது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாறன் என்றேன்.

வியாழன் சூரிச்சுக்கு 9.02 ரயில். கொண்டுபோக: மருந்துக் குளிசை, கம்பளிச் சால்வை, அந்தப் பிள்ளை எழுதித் தந்த தாள், அக்காவின் படம்.

பவுடர் பூச வேண்டாம் என்று கலாவுக்குச் சொல்ல வேண்டும்.